ஆமை புகுந்த வீட்டில் தண்ணீர்க் கணக்கு

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்வாங்க. நீ என்னடான்னா காசு கொடுத்து வாங்கி வச்சிருக்க!”

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஜூன் பள்ளி விடுமுறையில், உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீவக வீட்டுக்கு இரண்டு ஆமைக்குஞ்சுகள் வந்திருக்கும் செய்தியைக் கேட்டு, தஞ்சாவூரிலிருந்து அம்மா தொலைபேசியில் சொன்னது இது. மகள் அப்போது தொடக்கநிலை இரண்டில் இருந்தாள். நாய்க்குட்டி கேட்டு அடம்பிடித்தவளை ஆமையைக் காட்டிச் சமாதானப்படுத்தினோம். ஆமை குரைக்காது, நடைக்கு அழைத்துப் போக வேண்டாம், செலவும் குறைவு என்பது எங்கள் எண்ணம்.

இரண்டும் ஐம்பது காசு நாணயத்தைவிடச் சற்றே பெரியவை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை, பச்சை ஓடு. கடைக்காரர் ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டி, அதன் நடுவே ஒரு பிளாஸ்டிக் தென்னைமரம், ஒரு பொட்டலம் காய்ந்த இறால் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுத்தார். இரண்டு விரல் உயரம் தண்ணீர் ஊற்றினால் போதும் என்றார். அப்படியே செய்தோம்.

நான்காவது மாதம் ஒரு குஞ்சின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. இரை போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. தூங்குகிறது என்று நினைத்தோம். ஒரு வாரம் கழித்து விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது.

மருத்துவர் எங்களிடம் மூன்று கேள்விகள் கேட்டார். என்ன சாப்பிடுகிறது? தண்ணீரை எப்போது மாற்றுகிறீர்கள்? ஏறி உடம்பைக் காயவைத்துக்கொள்ள இடம் இருக்கிறதா? மூன்றுக்கும் எங்கள் பதில் தவறாக இருந்தது. வெறும் காய்ந்த இறாலைத் தின்று வைட்டமின் ஏ சத்து குறைந்திருந்தது. அழுக்கு நீர் கண்ணைப் புண்ணாக்கியது. முழுதாக உலர்வதற்கு அந்தப் பெட்டிக்குள் இடமே இல்லை. ஆமை புகுந்ததால் எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீட்டுக்குள் புகுந்த ஆமைக்குத்தான் கேடு வந்தது.

மிஞ்சிய ஒன்றுக்கு மகள் ‘முத்து’ என்று பெயர் வைத்தாள். முத்துவுக்காக நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக ஆமை வாங்க நினைப்பவர்களுக்கும், ஏற்கெனவே பிளாஸ்டிக் பெட்டியில் வளர்ப்பவர்களுக்கும் பயன்படலாம்.

அனுமதி இரண்டே இரண்டுக்குத்தான்

சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட ஊர்வன இரண்டே வகைதான். ஒன்று எங்கள் முத்துவைப் போன்ற செங்காது ஆமை. மற்றொன்று மலாயாப் பெட்டி ஆமை. பாம்பு, ஓணான், உடும்பு, பல்லி வகைகள், நட்சத்திர ஆமை என மற்ற எதையும் வளர்ப்பது சட்டவிரோதம்.

எங்களைப் போல உட்லண்ட்சில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சபலம் உண்டு. பாலத்தைத் தாண்டினால் ஜோகூர் பாரு. அங்கே கடையில் பார்த்த ஒரு சின்ன உயிரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். அனுமதிக்கப்பட்ட வகையாகவே இருந்தாலும், இறக்குமதி உரிமம் இல்லாமல் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாகக் கொண்டுவருவது குற்றம். பையிலும் காரின் இடுக்கிலும் காற்றும் நீரும் இல்லாமல் அடைந்து கிடக்கும் விலங்கு, பிடிபடுவதற்கு முன்பே இறந்துபோகவும் கூடும்.

இரண்டு விரல் தண்ணீர் ஏன் போதாது

செங்காது ஆமையின் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. அது நன்றாக நீந்தும் இனம். தண்ணீருக்குள் இருந்தால்தான் இரையை விழுங்க முடியும். தரையில் போட்டால் கவ்விக்கொண்டு நீருக்குள் ஓடும். தூங்குவதும் பெரும்பாலும் நீரில்தான். ஆகவே தண்ணீர் என்பது அதற்குக் குடிக்கும் கிண்ணம் அல்ல, குடியிருக்கும் வீடு.

நீரின் ஆழம், ஓட்டின் நீளத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். தவறி மல்லாந்துவிட்டால் திரும்பிக்கொள்ள அந்த ஆழம் உதவும். தொட்டியின் கொள்ளளவுக்கு வளர்ப்பவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு, ஓட்டின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 15 லிட்டர். 10 சென்டிமீட்டர் ஆமைக்கு 150 லிட்டர். பெண் ஆமை 25 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். அதற்குக் கிட்டத்தட்ட 380 லிட்டர் வேண்டும்.

இங்கேதான் வீவக வீட்டுக்காரர்கள் நின்று யோசிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. 380 லிட்டர் தொட்டி என்றால் கண்ணாடி, கல், தாங்கி எல்லாம் சேர்ந்து 400 கிலோவைத் தாண்டும். அவ்வளவு பாரத்தை வீட்டின் எந்த இடத்தில் வைக்கலாம் என்பதை வாங்குவதற்கு முன்பே வீவக கிளை அலுவலகத்திலோ தகுதிபெற்ற பொறியாளரிடமோ கேட்டுக்கொள்வது நல்லது.

தண்ணீர் குறைவாக இருப்பதில் இன்னோர் ஆபத்து உண்டு. ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, சுற்றுப்புறத்திலிருந்துதான் பெறுகிறது. தாழ்வாரத்திலோ சன்னல் ஓரத்திலோ வெயில் நேரடியாக விழும் இடத்தில் சின்னப் பெட்டியை வைத்தால், இரண்டு விரல் நீர் சிறிது நேரத்திலேயே கொதியேறிவிடும். ஒளிந்துகொள்ள நிழலோ ஆழமோ இல்லாமல் ஆமை அதிலேயே வெந்துபோகும். நிறைய தண்ணீர் இருந்தால் அது மெதுவாகத்தான் சூடேறும். செங்காது ஆமைக்கு 24 முதல் 28 டிகிரி வரை உள்ள நீர் ஏற்றது. நம் ஊரில் தண்ணீரைச் சூடாக்கும் கருவி பொதுவாகத் தேவைப்படாது.

குழாய்நீரும் வாளிக் கணக்கும்

மீன் வளர்த்த அனுபவம் உள்ள மாமா ஒருவர், “குழாய்த் தண்ணியை ஒருநாள் வாளியில பிடிச்சு வச்சிரு, குளோரின் போயிடும்” என்று சொல்லியிருந்தார். தமிழ்நாட்டில் பலரும் செய்வது அதுதான். சிங்கப்பூரில் அந்த வழி கைகொடுக்காது.

பொதுப் பயனீட்டுக் கழகம் நம் குழாய்நீரில் கிருமிகள் வளராமல் இருக்கக் குளோரமின் சேர்க்கிறது. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள் அது. வெறும் குளோரின் காற்றில் கலந்து வெளியேறிவிடும். குளோரமின் அவ்வளவு எளிதில் போகாது. ஒருநாள் வைத்திருந்தாலும் தண்ணீரில்தான் இருக்கும். நாம் குடிக்க அந்த நீர் பாதுகாப்பானது. ஆமையும் நுரையீரலால் மூச்சுவிடுவதால், மீனைப்போல் உடனே பாதிக்கப்படாது. ஆனால் நாள்தோறும் அதிலேயே கிடந்தால் கண்ணுக்கும் தோலுக்கும் எரிச்சல் உண்டாகலாம். அதைவிட முக்கியம், வடிகட்டியில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும்.

மீன் கடைகளில் ‘ஆன்டி-குளோரின்’ என்ற பெயரில் விற்கும் திரவம் இதற்காகத்தான். குளோரமினையும் நீக்கும் என்று புட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அளவும் அதிலேயே இருக்கும்.

வடிகட்டியைக் குழாயில் கழுவாதீர்கள்

ஆமை சாப்பிடும் தண்ணீரிலேயே கழிக்கவும் செய்கிறது. அதன் கழிவும் மிஞ்சிய இரையும் அழுகி அம்மோனியாவாக மாறும். அது நஞ்சு. வடிகட்டியின் பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் குடியேறும் நுண்ணுயிர்கள், அந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். அதனால்தான் புதிதாகத் தொட்டி வைத்தவர்கள், “எல்லாம் சரியாகத்தானே செய்தேன், தண்ணீர் ஏன் நாறுகிறது?” என்று தலையில் கை வைக்கிறார்கள்.

நாங்கள் செய்த தவறு வேறு. சுத்தமாக இருக்கட்டும் என்று வாரந்தோறும் வடிகட்டிப் பஞ்சைக் குழாயில் பளிச்சென்று கழுவினோம். நல்ல நுண்ணுயிர்களை வாரந்தோறும் நாங்களே கொன்றிருக்கிறோம். தொட்டியிலிருந்து இறைத்த பழைய நீரில் பஞ்சை லேசாக அலசிப் பிழிவதே சரியான முறை.

இப்போது எங்கள் வழக்கம் இதுதான். மீனுக்கென்று சொல்லும் அளவைப்போல் இரு மடங்கு திறனுள்ள வடிகட்டி. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்றம். முத்துவின் தொட்டியில் 250 லிட்டர் இருப்பதால், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு வாளி இறைக்க வேண்டும். அது மகளின் வேலை. இறைத்த நீரில் நைட்ரேட் இருப்பதால் தாழ்வாரத்துச் செடிகளுக்கு ஊற்றுகிறோம். கறிவேப்பிலைச் செடி செழிப்பாக இருக்கிறது.

இரை போடும்போது முத்துவைத் தனி வாளிக்கு மாற்றிவிடுகிறோம். சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்துத் தொட்டிக்குத் திரும்பும். அழுக்கில் பெரும்பகுதி வாளியோடு போய்விடும். மாதம் ஒருமுறை சோதனைத் துளிகளால் நீரைப் பார்க்கிறோம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

ஈரத்தோடு உலர்வும் வேண்டும்

நீர் ஆமைக்கு நீர்தானே எல்லாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒரு நாளில் சில மணி நேரமாவது ஓடும் தோலும் முழுக்கக் காய வேண்டும். காயாத ஓட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பற்றி, ‘ஓட்டு அழுகல்’ வரும். மெத்தென்ற புள்ளிகள், வெள்ளைத் திட்டு, கெட்ட வாடை ஆகியவை அதன் அறிகுறிகள்.

அதனால் நீர்மட்டத்துக்கு மேலே, ஆமை எளிதில் ஏறக்கூடிய உலர்ந்த மேடை ஒன்று வேண்டும். அதற்கு மேல் வெப்ப விளக்கு பொருத்தி, மேடையின் வெப்பம் 32 முதல் 35 டிகிரி இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கூடவே புறஊதா ‘பி’ கதிர் தரும் விளக்கும் தேவை. அந்தக் கதிர்பட்டால்தான் ஆமையின் உடலில் வைட்டமின் டி உருவாகி, சுண்ணாம்புச் சத்து ஓட்டில் சேரும். இல்லாவிட்டால் ஓடு ரப்பர்போல் மென்மையாகிவிடும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது; கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதன் புறஊதாத் திறன் குறைந்துகொண்டே போகும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்றிவிட வேண்டும்.

சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதத்துக்குக் குறைவில்லை. ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டைத் தாண்டும். விடியற்காலையில் 90க்கு மேல் போகும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். குளிர்நாடுகளில் ஆமை வளர்ப்பவர்கள் ஈரப்பதத்தைக் கூட்டப் பாடுபடுகிறார்கள். நாம் இங்கே காற்றோட்டத்துக்குத்தான் பாடுபட வேண்டும். கண்ணாடித் தொட்டியை மேலே முழுதாக மூடிவிட்டால் உள்ளே புழுங்கி, மேடை காயாது. கம்பிவலை மூடி போதும்.

இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகும் இடம் குளிரூட்டப்பட்ட படுக்கையறை. அங்கே காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் போகும். தொட்டி நீர் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். வெதுவெதுப்பான நீரிலிருந்து தலையை உயர்த்திக் குளிர்காற்றை இரவெல்லாம் இழுக்கும் ஆமைக்கு நுரையீரல் தொற்று எளிதில் வரும். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சுவிடுதல், ஒருபக்கம் சாய்ந்து நீந்துதல் ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் எல்லா மருந்தகத்திலும் இருப்பதில்லை. எங்கே இருக்கிறார் என்பதை ஆமை நலமாக இருக்கும்போதே விசாரித்து வைப்பது நல்லது.

பெட்டி ஆமைக்கு வேறு கணக்கு

மலாயாப் பெட்டி ஆமை இந்த மண்ணுக்கே உரியது. சிங்கப்பூரிலும் தென்கிழக்காசியாவிலும் இயற்கையாக வாழ்வது. அடி ஓட்டில் கீல்போன்ற மடிப்பு இருப்பதால், தலையையும் கால்களையும் உள்ளிழுத்துப் பெட்டிபோல் மூடிக்கொள்ளும். உணவுக்காகவும் விற்பனைக்காகவும் அளவின்றிப் பிடிக்கப்பட்டதால் இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

செங்காது ஆமையைப்போல் இது ஆழத்தில் நீந்தும் இனம் அல்ல. நின்றபடி தலையை உயர்த்தினால் மூக்கு நீருக்கு மேலே வரும் அளவு ஆழம் பாதுகாப்பானது. நீரிலிருந்து ஏறிவரச் சரிவான பாதையும், அதே அளவுக்கு நிலமும் வேண்டும். நிலத்தில் தென்னை நார்த்தூளும் சருகும் கனமாகப் பரப்பி, கையில் எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டாத அளவு ஈரமாக வைத்திருக்கலாம். ஒரு மூலை ஈரமாகவும் மறுமூலை ஓரளவு உலர்ந்தும் இருந்தால், தனக்குப் பிடித்த இடத்தை ஆமையே தேர்ந்துகொள்ளும். ஈரப்பதமானியைச் சுவரில் மாட்டாமல் ஆமை நடமாடும் உயரத்தில் வையுங்கள்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு கவலை உண்டு. ஏடிஸ் கொசு. செங்காது ஆமையின் தொட்டியில் வடிகட்டி நீரை அசைத்துக்கொண்டே இருக்கும். புழு விழுந்தாலும் ஆமை தின்றுவிடும். பெட்டி ஆமையின் ஆழமற்ற நீர்த்தட்டும், தொட்டிக்கு அடியில் ஒழுகித் தேங்கும் நீரும் அப்படியல்ல. நீர்த்தட்டை நாள்தோறும் கழுவி மாற்றுவது ஆமைக்கும் நல்லது, அண்டை வீட்டாருக்கும் நல்லது.

நட்சத்திர ஆமையின் கதை

“நம்ம ஊர் நட்சத்திர ஆமை அழகா இருக்குமே, அதை வளர்க்கலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. அது வறண்ட முட்புதர்க் காட்டு விலங்கு. தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகம், குஜராத், ராஜஸ்தான், இலங்கை ஆகிய இடங்களில் வாழ்வது. அதைப் பிடிப்பதும் விற்பதும் இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2019ல் சைட்டிஸ் எனும் அனைத்துலக உடன்பாட்டின் முதல் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது. அனைத்துலக வணிகத் தடையில் அதுவே மிகக் கடுமையான நிலை.

ஆனாலும் கடத்தல் ஓயவில்லை. சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பெட்டிகளுக்குள் ஆமைகள் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. கால் அசையாதபடி துணியில் சுற்றி, நீரின்றி அடைத்து அனுப்புகிறார்கள். சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் 2018 நவம்பரில் விமானம் மூலம் பெங்களூருக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அதற்கு முயற்சி எடுத்த ‘ஏக்கர்ஸ்’ விலங்கு மீட்பு அமைப்பின் தலைமைப் பொறுப்பில் அன்பரசி பூபால், கலைவாணன் பாலகிருஷ்ணன் ஆகிய தமிழர்கள் பணியாற்றியிருப்பது நமக்குப் பெருமை. ஆனால் ஊர் திரும்பும் வாய்ப்பு, கடத்தப்படும் ஆமைகளில் மிகச் சிலவற்றுக்கே கிடைக்கிறது.

நீர்த்தேக்கத்தில் விட்டால் புண்ணியமா?

முத்து இப்போது 22 சென்டிமீட்டர். பெயரைக் கேட்டு ஆண் என்று நினைக்க வேண்டாம். முன்னங்கால் நகங்கள் நீளாமல் குட்டையாகவே இருந்ததிலிருந்து பெண் என்று தெரிந்தது. சில ஆண்டுகளாக, துணை இல்லாமலே கருவுறாத முட்டைகளை இடுகிறது. அந்த நாள்களில் இரை எடுக்காமல் தொட்டியைப் பிராண்டிக்கொண்டே இருக்கும். ஈரமணல் நிரப்பிய ஒரு பெட்டியில் விட்டால்தான் அமைதியாகும். மணல் கிடைக்காமல் முட்டையை அடக்கிவைத்தால் உயிருக்கே ஆபத்து.

ஒருமுறை இதைப் பார்த்த என் மாமனார், “ஏம்மா, பாவம் அது. கிராஞ்சி நீர்த்தேக்கத்துல கொண்டுபோய் விட்டா புண்ணியம்தானே?” என்றார். அவர் மனத்தில் இருந்தது இரக்கம்தான். கோயில் குளத்தில் ஆமை பார்த்து வளர்ந்தவர்.

அன்று இரவு மகள்தான் அவருக்கு விளக்கினாள். வீட்டில் வளர்ந்த ஆமைக்கு இரை தேடத் தெரியாது, பல இறந்துவிடும். பிழைத்தவை உள்ளூர் ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். உலகின் மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் செங்காது ஆமையும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997லேயே அதன் இறக்குமதியைத் தடைசெய்தது. நம் நீர்த்தேக்கங்களில் இன்று நாம் பார்க்கும் செங்காது ஆமைகள் எல்லாம் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து வந்தவை, அல்லது அவற்றின் வாரிசுகள். விசாக தினத்தை ஒட்டித் தேசிய பூங்காக் கழகம் ‘விலங்குகளை விடாதீர்கள்’ என்று ஆண்டுதோறும் நினைவூட்டுவதும் இதற்காகத்தான். முதல்முறை பிடிபடுவோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

மாமனார் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். மறுவாரம் நீர் மாற்றும்போது இரண்டு வாளியை அவரே தூக்கினார்.

உண்மையிலேயே வளர்க்க முடியாத நிலை வந்தால், பொறுப்பாக வளர்க்கக்கூடிய வேறொருவரைத் தேடுங்கள். விலங்கு நல அமைப்புகளிடம் ஆலோசனை கேளுங்கள். கால்வாயும் குளமும் அதற்கான இடம் அல்ல.

வாங்கும் முன் ஒரு கேள்வி

ஆமையின் உடலிலும் தொட்டி நீரிலும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் குழந்தைகளுக்கு அது தொற்றியதால், 10 சென்டிமீட்டருக்கும் சிறிய ஆமைகளின் விற்பனை 1975லேயே தடைசெய்யப்பட்டது. தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கைகழுவுங்கள். தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த முதியோரும் உள்ள வீடுகளில் இன்னும் கவனம் தேவை.

பொங்கலுக்கோ டிசம்பர் விடுமுறைக்கோ ஊருக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் யோசியுங்கள். எங்களுக்கு எதிர்வீட்டு மலாய் அக்கா வாய்த்திருக்கிறார். இரையைவிட முக்கியமாக அவரிடம் நாங்கள் சொல்லிவிட்டுப் போவது, வடிகட்டியின் சுவிட்சை அணைத்துவிட வேண்டாம், நீர்மட்டம் இறங்கினால் ஆன்டி-குளோரின் கலந்த நீரை ஊற்ற வேண்டும் என்பதைத்தான்.

செங்காது ஆமை 30 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடும். தொடக்கநிலை இரண்டில் மகள் கேட்டு வாங்கிய ஆமை, அவளுக்கு நாற்பது வயதாகும்போதும் யாரோ ஒருவர் வாளி இறைப்பதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். வாங்கும் முன் கடைக்காரரிடம் விலையைக் கேட்பதோடு, உங்கள் வீட்டாரிடம் இந்தக் கேள்வியையும் கேளுங்கள்: அடுத்த முப்பது ஆண்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வாளியை யார் தூக்குவது?

அம்மா இப்போதும் வாரந்தோறும் தொலைபேசியில் பேசுகிறார். பழமொழியை விட்டுவிட்டார். “முத்துவுக்குத் தண்ணி மாத்தியாச்சா?” என்பதுதான் முதல் கேள்வி.